வடசென்னைத் துறைமுகப் பேட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். நண்பர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிமுனையிலிருந்து காசிமேடு வரை நடக்கக் கூட்டிப்போவது பல வருடப் பழக்கம். நடக்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வடசென்னை என்றால் எது முதல் எது வரை?

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே எல்லாமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுன், மண்ணடி, சவுக்கார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர், எண்ணூர். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் பேசப்போவது கடலை ஒட்டிய பகுதியைப் பற்றி. அந்தப் பேட்டைகளில் பெரும்பாலானவை கப்பல் வியாபாரத்தால் உண்டானவை. திருவொற்றியூர் மட்டும் வேறு கணக்கு. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் பட்டினத்தார் அடங்கியதும் அங்கேதான் என்பார்கள். வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது பெரிய ஊர்.

கருப்பர் நகரம் என்று படித்திருக்கிறோம். அதுதான் ஜார்ஜ் டவுனா?

பாதி சரி. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரைத் துண்டை இப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து பெற்றார். கோட்டைக்குள் ஐரோப்பியர்கள் இருந்தார்கள். கோட்டைக்கு வெளியே, வடக்குச் சுவரை ஒட்டினாற்போல் நெசவாளர், வணிகர், துபாஷிகள் (இரண்டு மொழி தெரிந்த இடைத்தரகர்கள்), சலவைத் தொழிலாளர், படகோட்டிகள் எல்லோரும் குடியேறினார்கள். அதுதான் முதல் கருப்பர் நகரம். இன்றைக்கு அங்கே போனால் வீடு ஒன்றும் இருக்காது, உயர் நீதிமன்ற வளாகம்தான் இருக்கும்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நின்று சுடுவான் என்பது ஆங்கிலேயருக்கு அப்போதுதான் உறைத்தது. இரு தரப்பும் இடித்ததில் பழைய ஊர் தரைமட்டமானது. அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. அதற்குப் பதிலாகத் தேவராச முதலித் தெருவில் கட்டிய சென்ன மல்லீசுவரர், சென்னகேசவர் கோயில்களைத்தான் இப்போது பட்டணம் கோயில் என்கிறோம். இதற்கு மேல் தெற்கே வீடு கட்டக்கூடாது என்று எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. அந்தக் கல்லுக்கு வடக்கே முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்து புதிய கருப்பர் நகரமாக வளர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள்.

இந்தப் புதிய ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். கடைசி வரை அந்த வரியை வசூலிக்க முடியவில்லை. பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று ஒட்டிக்கொண்டது. மதிலின் மிச்சம் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா இருக்கும் இடத்தில் இருக்கிறது.

துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல் எங்கே நின்றது?

கடலில். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. முகத்துவாரமோ, ஒதுங்க ஒரு வளைகுடாவோ இல்லாத நேரான மணல் கரை, அதில் வரிசை வரிசையாக மறியும் அலை. இருநூறு வருடத்துக்கும் மேலாகக் கப்பல்கள் ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. கவர்னர் ஆனாலும், குதிரை ஆனாலும், துணிப்பொதி, சாராயப் பீப்பாய், வெள்ளிப் பெட்டி எதுவானாலும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும்.

அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு நம் அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு அலை அடிக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். படகோட்டிகள் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவார்கள். அலை எழும்போது நிறுத்தி, அது மறிந்ததும் ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போக அந்தப் பாட்டின் தாளம்தான் கணக்கு. பக்கத்தில் கட்டுமரக்காரர்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்குவது அவர்கள் பொறுப்பு. கடல் கொந்தளித்துப் படகே போக முடியாத நாட்களிலும் கட்டுமரம் போகும். கப்பலுக்கான கடிதங்களைக் கூம்பு மாதிரி முடைந்த தொப்பிக்குள் நனையாமல் செருகி, அலைக்குள் மூழ்கி எழுந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது.

படகோட்டிகள் வேலைக்கு வராத நாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரம் மொத்தமும் நின்றுவிடும். தெருக்களுக்குப் பெயர் வைக்கும்போது தம்பு செட்டி, லிங்கி செட்டி, கோவிந்தப்ப நாயக்கன், அங்கப்ப நாயக்கன் என்று வணிகர்களின் பெயரை வைத்தார்கள். ஒரு படகோட்டியின் பெயரில் தெரு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை. அவர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது ஒரு கோயில். ராயபுரம் புனித பேதுரு ஆலயம் படகோட்டிச் சமூகத்தார் காசு சேர்த்து எழுப்பியது. ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர். ராயபுரம் என்ற பெயரும் அவரால் வந்ததுதான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மீன் பிடித்தவர் பெயரில் மீன் பிடிப்பவர்களின் ஊர்.

துறைமுகம் எப்போது வந்தது?

1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். சரக்கு இறக்க அது கொஞ்சம் உதவியது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு பக்கமும் கடலுக்குள் கல் அணை நீட்டி, ஏறக்குறைய முடிக்கும் நேரத்தில், 1881 நவம்பரில் புயல் வந்து பெரும்பகுதியைச் சுருட்டிக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். கிழக்குப் பார்த்து வைத்த வாசல் வழியாக மணலும் அலையும் உள்ளே வந்து தொல்லை கொடுத்தன. 1904 முதல் 1919 வரை பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் திறந்தார். இன்றைய துறைமுகத்தின் உருவம் அவர் கொடுத்தது.

மெரினாவில் அவ்வளவு மணல் இருக்கிறது. ராயபுரத்தில் ஏன் கரையே இல்லை?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அந்தக் கல் அணைகள்.

நம் கரையோரம் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வருடத்தில் பல மாதங்கள் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் தெற்கு அணை குறுக்கே நின்றதும் வந்த மணல் அங்கேயே தேங்கியது. அதுதான் மெரினா. முன்பு கடல் கோட்டைக்குக் கிட்டத்தில் இருந்தது. மெரினாவின் அகலம் துறைமுகத்துக்குப் பிறகு வந்தது. வடக்கே வரவேண்டிய மணல் நின்றுபோனதால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. தெருக்களும் குப்பங்களும் போயின.

என் ஆயா சின்ன வயதில் வலை காயப்போட்ட மணல்மேடு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால், பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீரைக் காட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் போகும்போது கடலுக்கும் சாலைக்கும் நடுவில் கருங்கல் குவித்திருப்பதைப் பார்ப்பீர்கள். இப்போது தூண்டில் வளைவுகளும், அதாவது மணலைத் தடுத்து நிறுத்தக் கடலுக்குள் நீட்டிய கல் வரிசைகளும் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் கொஞ்சம் மணல் சேர்கிறது. சென்னைக்குக் காற்று வாங்க ஒரு கடற்கரை கிடைத்தது, எங்கள் கரை போனது. மெரினாவுக்குப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பவளக்காரத் தெருவில் பவளம் விற்கிறார்களா?

இப்போது இல்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத வணிகர்கள் சிலர் இங்கே இருந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தை லண்டன் வழியாகக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூதர்களும் போர்த்துகீசியர்களும் இருந்தார்கள். வைர வியாபாரம் மங்கியதும் யூதர்கள் போய்விட்டார்கள். பிற்காலத்தில் அந்தத் தெருவில் நகரத்தார் விடுதி வந்தது.

அரண்மனைக்காரன் தெருவில் எந்த அரண்மனை இருந்தது?

அரண்மனை எதுவும் இல்லை. அர்மேனியன் தெரு என்பது நம் காதில் அப்படி விழுந்திருக்கிறது. அர்மேனியா எங்கே இருக்கிறது என்று தெரியாத மக்கள், தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். தெருப் பலகையிலும் அதுவே ஏறிவிட்டது.

அர்மேனியர்கள் பட்டு, மணிக்கல், மசாலா வியாபாரிகள். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்பவர் தன் சொந்தக் காசில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளையும் அவர்தான் போட்டார். இங்கே இருக்கும் அர்மேனியக் கோயில் 1712இல் தொடங்கி, 1772இல் இப்போதைய இடத்தில் கட்டப்பட்டது. தனி மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உள்ளே நடைபாதையே கல்லறைக் கற்களால் ஆனது. நாம் வாசிக்க முடியாத எழுத்து, ஆனால் சில கற்களில் தொழில் என்னவென்று படமாகவே செதுக்கியிருக்கிறார்கள். ஹருத்யுன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியாரின் கல்லறையும் அங்கே இருக்கிறது. 1794இல் அவர் 'அஸ்தரார்' என்ற பத்திரிகையை நடத்தினார். உலகிலேயே அர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அது. அவர்கள் நாட்டில் அச்சாகவில்லை, பாரிமுனைக்குப் பக்கத்தில் அச்சானது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதே தெருவில்தான் கச்சாலீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தோணியார் கோயிலும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை போனால் மெழுகுவத்திப் புகைக்கு நடுவே பொட்டு வைத்தவர்களும் பர்தா போட்டவர்களும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

பார்சிகள் ராயபுரத்தில் இருக்கிறார்களா?

எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனாலும் இருக்கிறார்கள். 1795இல் வந்த முதல் குடும்பங்கள் ராயபுரத்தில் நிலம் வாங்கின. பெரோஜ் கிளப்வாலா, சிறு வயதில் இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாக 1910இல் கட்டிய நெருப்புக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு இது ஒன்றுதான். பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், காவலாளியிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

தண்டையார்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது?

தொண்டியார்பேட்டை என்பது மருவியது என்பார்கள். தொண்டியார் யார்? குணங்குடி மஸ்தான் சாகிபு. ராமநாதபுரம் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்த சூஃபி. சித்தர் பாடல் மாதிரி தமிழில் பாடியவர். கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1838இல் அடங்கினார். ராயபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் தொண்டியார் என்று அழைத்தார்கள், அவர் இருந்த இடம் பேட்டையானது. இன்றைக்கு மெட்ரோ நிலையத்தில் அந்தப் பெயரை அறிவிக்கும்போது ஒரு தமிழ்ப் புலவரின் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்பது ஏறி இறங்குகிற பலருக்குத் தெரியாது.

வேறு பேட்டைப் பெயர்களுக்கு விளக்கம் உண்டா?

தெருப் பெயரில் வணிகர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். உழைத்தவர்களைப் பேட்டைப் பெயர்களில் தேட வேண்டும். கப்பலில் ஏறும் துணியை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தவர்களின் இடம் வண்ணாரப்பேட்டை. அதற்குத் தண்ணீரும் பரந்த வெளியும் வேண்டும், இரண்டும் அங்கே இருந்தன. காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் இல்லை. கவர்னர் ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்தியதால் காலட்பேட்டை. தங்கசாலை, நாணயம் அடித்த இடம். ஏழுகிணறு, 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கத் தோண்டிய கிணறுகள். அந்த ஏழுகிணறு வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார், கந்தகோட்டத்துக்கு நடந்து போய்ப் பாடினார்.

ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1780களின் தொடக்கத்தில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதற்கு வேர். பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சி இருநூறு வருடம் கழித்தும் பெயரில் இருக்கிறது.

தெலுங்கர், குஜராத்தி, மார்வாடிகள்?

தெலுங்கு இங்கே வந்தேறிய மொழி இல்லை, ஊர் பிறந்த நாளிலிருந்தே உள்ளது. கோட்டை கட்ட உதவிய துபாஷி பேரி திம்மப்பா தெலுங்கர். கொத்தவால் சாவடியில் கன்னிகா பரமேசுவரி கோயில் கோமுட்டிச் செட்டியார்களுடையது. அங்கே இருந்த காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. சாகுகார் என்றால் வட்டிக்குக் கொடுக்கும் வணிகர். குஜராத்திகளும் மார்வாடிகளும் இருக்கும் சவுக்கார்பேட்டையின் பெயர் அதிலிருந்து வந்தது. தங்கசாலையில் மாலை நேரத்தில் ஜிலேபி வாசனையே வழி காட்டும்.

அத்தோ என்பது என்ன? அது எப்படி இங்கே வந்தது?

பர்மியச் சொல். கலந்து பிசைந்தது என்று பொருள். கொண்டுவந்தவர்கள் நம் தமிழர்களே.

பர்மாவில் பல தலைமுறை வாழ்ந்த தமிழர்கள் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு, குறிப்பாக 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். ரங்கூனில் கடை வைத்திருந்தவர் கையில் ஒரு பெட்டியோடு இறங்கினார். இங்கே அவர்களுக்குச் சொந்தம் இல்லை, பலருக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியிருப்பு கொடுத்தார்கள். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கடை போட இடம் கிடைத்தது. அதுதான் பர்மா பஜார். டேப் ரிக்கார்டர், சென்ட், வாட்ச் என்று வெளிநாட்டுச் சாமானுக்கு ஊரே அங்கே போன காலம் உண்டு.

அத்தோ கடைகள் பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் என்ற தெருவில் சாயங்காலம் முளைக்கும். கடைக்காரர் கையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் தடித்த நூடுல்ஸ் ஒரு பிடி, சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி. பேஜோ என்கிற மொறுமொறு வடையை மேலே நொறுக்கிப் போடுவார். எல்லாம் ஒரு கிண்ணத்தில், கையாலேயே பிசைவார். கரண்டியால் கிளறினால் சுவை ஏறாது என்று எனக்குத் தெரிந்த கடைக்கார அண்ணன் சொல்வார். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் காரமும் அடைத்துக் கொடுப்பதை ஒரே வாயில் போட வேண்டும். மொய்ங்கா என்ற பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ் வேண்டுமானால் காலையில் பர்மாக்காரர்கள் குடியிருக்கும் பகுதிக்குப் போங்கள்.

மெட்ராஸ் பாஷை ஏன் இப்படி இருக்கிறது?

எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள்? கொச்சை என்று நினைத்துக் கேட்டால் வருத்தமாக இருக்கும். அது துறைமுகத்து மொழி. பத்து மொழிக்காரர்கள் ஒரே மூட்டையைத் தூக்கினால் பேச்சு இப்படித்தான் ஆகும்.

துட்டு டச்சுக்காரரின் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். கக்கூசும் அவர்கள் சொல்தான். நாஸ்தா, பேஜார், உஷார் எல்லாம் உருது, பாரசீக வழி. நைனா தெலுங்கு. வசவாகச் சொல்லும் கஸ்மாலம் சமஸ்கிருதம். அழுக்கு என்று பொருள். சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய் போர்த்துகீசியம். இவை தமிழ்நாடு முழுக்கப் பரவி, யாரும் இரவல் என்று நினைக்காத அளவுக்கு நம்முடையவை ஆகிவிட்டன.

ஏலம் என்ற சொல்லும் அப்படித்தான். காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் நில்லுங்கள். விசைப்படகிலிருந்து கூடை இறங்கியதும் ஏலக்காரர் கத்த ஆரம்பிப்பார். "ஆயிரத்தி எரநூறு, எரநூறு, எரநூத்தம்பது, யாரு, யாரு, இன்னாம்மா பாத்துக்கினே நிக்கிற?" சுற்றி நிற்கும் அக்காக்கள் வாயே திறக்கமாட்டார்கள், தலை அசைவில் விலை ஏறும். என் அத்தை அப்படித்தான் வாங்கும். முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கும், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. "ஐஸ் மீனுடா, நவுரு" என்று என்னை இழுத்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போகும்.

எம்டன் என்றால் ஏன் சாமர்த்தியசாலி?

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சத்தமில்லாமல் வந்து துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுப் பற்றவைத்துவிட்டு, திருப்பி அடிப்பதற்குள் போய்விட்டது. நகரமே பயந்தது, பலர் ஊரைக் காலி செய்தார்கள். "அவன் சரியான எம்டன்" என்ற பேச்சு அன்றிலிருந்து. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது.

முதல் ரயில் ராயபுரத்திலிருந்தா போனது?

ஆமாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. தூண்கள் வைத்த பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. முதல் தொழிற்சங்கமும் எங்கள் பக்கம்தான். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார்.

குத்துச்சண்டை, கேரம் எல்லாம் நிஜமாகவே இவ்வளவு உண்டா?

உண்டு. ஆங்கிலோ இந்தியர்களிடமும் பட்டாளத்தாரிடமும் கற்ற விளையாட்டைத் துறைமுகத் தொழிலாளர்கள் தங்களுடையதாக்கினார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள், அதாவது குத்துச்சண்டைக் குழுக்கள் இருந்தன. ரோஷமான குத்துச்சண்டை என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். கேரத்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம், ஒரு மஞ்சள் பல்பும் நாலு பேரும் போதும். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகச் சாம்பியன். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் திரும்பி வந்த நாளில் தெருவே மாலையோடு நின்றது.

தனியாக வரலாமா? பயமாக இருக்காதா?

சினிமா பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் கூடையோடு தனியாக நடந்து போகும் பகுதி இது. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து விடுவார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் எண்ணூர்ப் பக்கம் காற்றிலும் ஆற்றிலும் கலந்துகொண்டே இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். என்னுடன் படித்தவன் ஒருவன் அங்கே இறால் தடவிப் பிழைப்பவன். அவனுடைய படகின் அடியில் அந்தக் கறுப்பு மறுவருடமும் போகவில்லை. நகரம் தனக்குத் தேவையான மின்சாரத்தையும் பெட்ரோலையும் எங்கள் பக்கம் தயாரித்துக்கொள்கிறது, அதன் புகையை நாங்கள் சுவாசிக்கிறோம். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் காட்ட எனக்கு மனசு வராது.

பழவேற்காட்டையும் சேர்த்துப் பார்க்கலாமா?

அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். சென்னைக்கு வடக்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் பழைய துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், சென்னை பிறப்பதற்கு 26 வருடம் முன்பு. கோட்டை மண்மேடாகிவிட்டது, டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன.

ஒரே நாள் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

ஞாயிறு விடியற்காலை காசிமேட்டில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகுகள் போகாது, அப்போது ஏலம் பார்க்க வராதீர்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், தரை முழுக்க ஐஸ் தண்ணீர். அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம், ராயப்பர் கோயில், நெருப்புக் கோயில் வாசல், மஸ்தான் சாகிபு தர்கா. பிறகு பஸ் பிடித்து மண்ணடி. வண்ணாரப்பேட்டை, மண்ணடி இரண்டுக்கும் மெட்ரோவும் உண்டு. தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளைப் பார்த்துவிட்டு, அர்மேனியக் கோயிலுக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் மூடிவிடுவார்கள். வெயில் தாழும் வரை எங்காவது பிரியாணி சாப்பிட்டு உட்காருங்கள். ஆறு மணிக்கு செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. இரண்டாம் தடவை சூப் கேட்கத் தயங்காதீர்கள், காசு வாங்கமாட்டார்கள்.

மீன் வாங்கினால் அன்றைய திட்டம் முழுவதையும் மாற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள். வஞ்சிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது.